தகப்பனார் கட்டிய சேலையை மகனும் கட்டினார்! அவ்வை சண்முகம் பேர் வாங்கிய கதை

சென்னை ராயப்பேட்டை, கோபாலபுரம் பக்கம் போய் வருகிறவர்களுக்கு அவ்வை சண்முகம் சாலை தெரியாமல் இருக்காது. பழைய ஆட்கள் வாயில் அது இன்னமும் லாயிட்ஸ் ரோடுதான்.

அவ்வை என்றால் கிழவி. சண்முகம் என்றால் ஆண்பிள்ளை. இரண்டு பேரும் எப்படி ஒரே பெயர்ப்பலகையில் ஒட்டிக்கொண்டார்கள்? அந்த ரோட்டில் பஸ்சுக்கு நிற்கிறவர்களைக் கேட்டால், பாதிப் பேருக்கு மேல் விழிப்பார்கள்.

ஆனால் ராமநாதபுரம் கடற்கரை ஆட்களுக்கு இந்தக் கதையில் ஒரு பங்கு உண்டு.

தேவிபட்டினத்துக்கும் தொண்டிக்கும் நடுவில் கடலை ஒட்டி இருக்கிறது திருப்பாலைக்குடி. அந்த ஊரைச் சுற்றியுள்ள ராமநாதபுரம் சீமையில் கோவில் திருவிழா என்றால் விடிய விடிய நாடகம் நடக்கும். வள்ளி திருமணம், பவளக்கொடி, அரிச்சந்திரா என்று நோட்டீஸ் ஒட்டுவார்கள். ராத்திரி 10 மணிக்கு ஹார்மோனியம் முழங்கினால், கிழக்கு வெளுக்கும்போதுதான் ஜனங்கள் பாயைச் சுருட்டுவார்கள்.

சினிமா வந்தது, டி.வி. வந்தது; செல்போனும் வந்தது. அந்த நாடகங்கள் மட்டும் சாகவில்லை.

அவற்றை எழுதியவர் தூத்துக்குடி சங்கரதாஸ் சுவாமிகள். அவரிடம் 6 வயதில் கைகட்டி நின்று பாடம் கேட்ட பையன்தான் டி.கே.சண்முகம். பின்னாளில் அவ்வை சண்முகம் ஆனவர்.

பிரபல ஸ்திரீபார்ட் மகன்

சண்முகம் பிறந்தது 1912-ம் ஆண்டு ஏப்ரல் 26-ந் தேதி, திருவனந்தபுரத்தில்.

தகப்பனார் கண்ணுசாமிப் பிள்ளை அந்தக் காலத்து நாடக மேடையில் பேர் போன ஸ்திரீபார்ட். அதாவது, பெண் வேடக்காரர். ஆண்களே சேலை கட்டி, சவுரி வைத்து, சீதையாகவும் சாவித்திரியாகவும் வந்து கொட்டகையை அழவைத்த காலம் அது. மைக் கிடையாது. கடைசி வரிசையில் தரையில் உட்கார்ந்திருக்கிறவன் காதுக்கும் குரல் போய்ச் சேர வேண்டும்.

கூத்தாடி என்று ஊர் பேசிய காலமும் அதுதான். மேடையில் கைதட்டுவார்கள். மறுநாள் காலையில் குடியிருக்க வீடு கேட்டுப் போனால், நாடகக்காரனுக்கு வீடு இல்லை என்று கதவைச் சாத்துவார்கள்.

கண்ணுசாமிப் பிள்ளைக்கு நான்கு ஆண் பிள்ளைகள். சங்கரன், முத்துசாமி, சண்முகம், பகவதி. நான்கு பேருமே பிற்காலத்தில் மேடைக்காரர்கள் ஆனார்கள். டி.கே.எஸ். சகோதரர்கள் என்று நாடே சொன்னது இவர்களைத்தான்.

நடிகர் பெற்ற பிள்ளைக்கு என்ன கவலை, வீட்டிலேயே தொழில் இருக்கிறதே என்று நினைக்கலாம். நடந்தது அப்படி இல்லை.

6 வயதில் மேடை

1918-ல் மதுரையில் சங்கரதாஸ் சுவாமிகள் ஒரு நாடகக் கம்பெனி தொடங்கினார். அதன் பெயர் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபை. நடிகர்கள் எல்லோரும் சின்னப் பையன்கள். ராஜாவும் பையன்தான், ராணியும் பையன்தான்.

பெரிய நடிகர்களை வைத்துக் கம்பெனி நடத்தி சுவாமிகள் சலித்துப் போயிருந்தார். நேரத்துக்கு வர மாட்டார்கள். வந்தாலும் எழுதிக் கொடுத்ததைப் பேச மாட்டார்கள். மேடையில் ஒருவரை ஒருவர் மட்டம் தட்டுவதிலேயே பொழுது போகும். பையன்கள் என்றால் சொன்னதைக் கேட்பார்கள், பாடத்தை ஒழுங்காக ஒப்பிப்பார்கள் என்று முடிவுக்கு வந்தார்.

அந்தக் கம்பெனியில்தான் தன் பிள்ளைகளைக் கொண்டுபோய்ச் சேர்த்தார் கண்ணுசாமிப் பிள்ளை. சண்முகத்துக்கு அப்போது வயது 6. முதலில் கிடைத்த வேஷம், சத்தியவான் சாவித்திரி நாடகத்தில் நாரதர்.

தகப்பனார் பெயர் பையனைக் கம்பெனி வாசல்வரை கொண்டு வந்து விட்டது. அதற்கு மேல் அந்தப் பெயரால் ஒன்றும் ஆகவில்லை.

பாய்ஸ் கம்பெனி வாழ்க்கை லேசான வாழ்க்கை இல்லை. அம்மா மடியில் தூங்குகிற வயசில், பத்து நாற்பது பையன்களோடு வரிசையாகப் பாயில் படுக்க வேண்டும். விடியுமுன்னே எழுந்து குரல் பழக வேண்டும். பாட்டு தப்பினால் அடி. வசனம் தப்பினாலும் அடி. ராத்திரி முழுக்க வேஷம் கட்டிவிட்டு, பகலில் மறுபடி பாடம். இன்னார் மகன் என்று வாத்தியார் பிரம்பு பார்த்து விழாது.

அதே சபையில் அடியெடுத்து வைத்த இன்னொரு பையன் புதுக்கோட்டை சின்னப்பா. அவருடைய தகப்பனார் உலகநாத பிள்ளையும் நாடக நடிகர். அந்தப் பையன்தான் பின்னாளில் உத்தமபுத்திரன், கண்ணகி, ஜகதலப்பிரதாபன் என்று சினிமாவைக் கலக்கிய பி.யு.சின்னப்பா.

ஒரே ராத்திரியில் ஒரு நாடகம்

சண்முகத்தின் குரலும் ஞாபகசக்தியும் சுவாமிகளுக்குப் பிடித்துப் போயின. இந்தப் பையனுக்கென்று ஒரு நாடகம் வேண்டும் என்று தோன்றியது.

பேனாவை எடுத்து உட்கார்ந்தார். விடிவதற்குள் பாட்டும் வசனமுமாக ஒரு முழு நாடகத்தையே எழுதி முடித்துவிட்டார். அதுதான் அபிமன்யு சுந்தரி. அபிமன்யு வேடம் சண்முகத்துக்கு.

நாடக உலகில் இன்றைக்கும் வாய்க்கு வாய் சொல்லப்படும் சங்கதி இது. சொத்து பத்து எழுதி வைப்பவர்கள் உண்டு. சுவாமிகள் மாணவனுக்கு ஒரு நாடகத்தை எழுதி வைத்தார்.

அந்தக் கொடுப்பினை ரொம்ப நாள் நீடிக்கவில்லை. சுவாமிகளுக்குப் பக்கவாதம் வந்தது. ஆயிரக்கணக்கில் பாட்டுக் கட்டிய வாய் பேச்சிழந்தது. 1922-ம் ஆண்டு நவம்பர் 13-ந் தேதி அவர் புதுச்சேரியில் காலமானார்.

சண்முகத்துக்கு அப்போது 10 வயது.

13 வயதுக்குள் சொந்தக் கம்பெனி

1925-ம் ஆண்டு மார்ச் 31-ந் தேதி, பிறந்த ஊரான திருவனந்தபுரத்தில் அண்ணன் தம்பிகள் சேர்ந்து சொந்தக் கம்பெனி தொடங்கினார்கள். பெயர், மதுரை ஸ்ரீ பால ஷண்முகானந்த சபை.

சண்முகத்துக்கு 13 வயதுகூட முடியவில்லை. இன்றைக்கு அந்த வயசுப் பையன் எட்டாம் வகுப்புப் படிப்பான்.

வேலையைப் பங்கு போட்டுக் கொண்டார்கள். மூத்தவர் சங்கரன் நிர்வாகம். முத்துசாமி பெண் வேடத்தில் கெட்டிக்காரர். பின்னாளில் நாடகமும் எழுதினார். சண்முகமும் பகவதியும் மேடையில் முன்னே நின்றார்கள்.

கம்பெனி நடத்துவது யானையைக் கட்டித் தீனி போடுகிற வேலை. சீன், திரை, நகை, உடுப்பு எல்லாவற்றையும் ரெயிலில் ஏற்றி ஊர் ஊராகப் போக வேண்டும். போன இடத்தில் மழை பிடித்துக்கொண்டால் கொட்டகை காலி. வசூல் இல்லாவிட்டாலும் ஐம்பது அறுபது பேருக்கு இரண்டு வேளை சோறு போட்டாக வேண்டும். கடன் வாங்கி அடுத்த ஊருக்குப் போய், அங்கே ஆடி, இந்த ஊர்க் கடனை அடைப்பார்கள்.

இன்னொரு கண்டமும் இருந்தது. பையன்களுக்கு வயது ஏற ஏறக் குரல் உடையும். மகரக்கட்டு என்பார்கள். நேற்றுவரை குயில் மாதிரிப் பாடியவன் இன்றைக்கு வாயைத் திறந்தால் தகரம் கிழியும். எத்தனையோ பால நடிகர்கள் அதோடு மூட்டை கட்டி ஊருக்குப் போனார்கள். எவ்வளவு பெரிய நடிகர் பெற்ற பிள்ளையாக இருந்தாலும் தொண்டை கேட்காது. பாட்டு போனாலும் நடிப்பு நிற்க வேண்டும். அது தெரிந்தவன்தான் பிழைத்தான். பிழைத்தவர்களில் சண்முகம் ஒருவர்.

குமாஸ்தா வீட்டுக் கதை

புராண நாடகத்திலேயே நின்றுவிடாமல் சமூகக் கதைகளுக்கு இவர்களைத் திருப்பியவர் எம்.கந்தசாமி முதலியார். ஜே.ஆர்.ரங்கராஜுவின் ராஜாம்பாள், சந்திரகாந்தா, வடுவூர் துரைசாமி ஐயங்காரின் மேனகா ஆகிய நாவல்கள் மேடை ஏறின. கோட்டு சூட்டுப் போட்ட வக்கீலும் போலீசும் நாடகத்துக்குள் வந்தார்கள்.

கந்தசாமி முதலியாரின் மகனும் நடிகர்தான். சந்திரலேகா, அபூர்வ சகோதரர்கள் படங்களில் நடித்த எம்.கே.ராதா. வாத்தியார் மகன் என்று அவரும் சும்மா வரவில்லை. மேடையில் வருஷக்கணக்கில் உழைத்த பிறகுதான் சினிமாவில் பேர் எடுத்தார்.

1935-ல் மேனகா படமானது. இயக்கியவர் ராஜா சாண்டோ. டி.கே.எஸ். சகோதரர்கள் நடித்தார்கள். தங்கள் கம்பெனியில் இருந்த நாகர்கோவில் பையன் ஒருவரையும் கூடவே அழைத்துப் போனார்கள். அவர்தான் கலைவாணர் என்.எஸ்.கிருஷ்ணன். அவர் முகம் முதன்முதலாகத் திரையில் தெரிந்த படம் மேனகா.

அப்புறம் வந்தது குமாஸ்தாவின் பெண். நிருபமா தேவியின் வங்காளக் கதையை வைத்து முத்துசாமி எழுதிய நாடகம். மாதச் சம்பளம் வாங்கும் ஏழைக் குமாஸ்தா, வயசுக்கு வந்த பெண்ணைக் கட்டிக்கொடுக்க முடியாமல் படும் பாடுதான் கதை. கொட்டகையில் உட்கார்ந்திருந்த குமாஸ்தாக்கள் தங்கள் வீட்டையே மேடையில் பார்த்தார்கள். 1941-ல் அதுவும் சினிமாவாக வந்தது.

வெள்ளைக்காரன் காலத்தில் இன்னொரு துணிச்சலான காரியமும் செய்தார்கள். வெ.சாமிநாத சர்மா எழுதிய பாணபுரத்து வீரன் நாடகத்துக்கு அரசாங்கம் தடை போட்டது. பெயரை தேசபக்தி என்று மாற்றி மேடை ஏற்றினார்கள். நாடகம் போட்டுப் பிழைக்கிறவனுக்கு லைசென்சு போனால் அடுப்பு எரியாது. அது தெரிந்தும் நடத்தினார்கள்.

30 வயதில் கிழவி வேஷம்

1942-ல் அவ்வையார் நாடகம் வந்தது.

சண்முகத்துக்கு வயது 30. கதாநாயகனாக நின்று கைதட்டல் வாங்குகிற வயசு. சினிமாவிலும் முகம் தெரிந்துவிட்டது. அந்த வயசில் எந்த நடிகன் தோலைச் சுருக்கி, தலையை நரைக்கவைத்து, முதுகைக் கூனவைத்துக் கிழவியாக வருவான்? வந்தாலும் ஜனங்கள் சிரித்துவிட்டால் என்ன ஆவது? ஆண்பிள்ளை கிழவி வேஷம் போட்டால் அது பபூன் வேலை என்றுதான் கொட்டகை நினைக்கும்.

சண்முகம் சேலையைக் கட்டினார். கோலை ஊன்றிக்கொண்டு மேடைக்கு வந்தார்.

யாரும் சிரிக்கவில்லை. மேடையில் நிற்பது ஒரு வாலிபன் என்பதே ஜனங்களுக்கு மறந்து போனது. குரல் கிழவிக் குரல். நடை கிழவி நடை. தமிழ் மட்டும் கணீர் என்று விழுந்தது.

தகப்பனார் கண்ணுசாமிப் பிள்ளை கட்டிய அதே சேலைதான். ஆனால் தகப்பனார் கட்டியது அழகுப் பெண் வேஷத்துக்கு. மகன் கட்டியது பல் போன பாட்டி வேஷத்துக்கு. பிள்ளை தகப்பன் தொழிலைத்தான் செய்தார். தகப்பன் செய்த மாதிரியே செய்யவில்லை.

நாடகம் வருஷக்கணக்கில் ஊர் ஊராக நடந்தது. நாளடைவில் டி.கே.சண்முகம் என்ற பெயருக்கு முன்னால் ஜனங்களே அவ்வையைச் சேர்த்துவிட்டார்கள். அதே அவ்வையார் கதையை 1953-ல் ஜெமினி வாசன் படமாக எடுத்தபோது நடித்தவர் கே.பி.சுந்தராம்பாள். படம் சக்கைபோடு போட்டது. ஆனாலும் மேடை அவ்வை என்றால் சண்முகம்தான் என்ற பேச்சு மாறவில்லை.

சினிமா வந்தும் மேடையை விடவில்லை

பேசும் படம் வந்த பிறகு நாடகக் கொட்டகைகள் ஒவ்வொன்றாக சினிமா தியேட்டராக மாறின. நடிகர்களும் கோடம்பாக்கம் பக்கம் நடந்தார்கள். அவர்களைக் குற்றம் சொல்லவும் முடியாது. வயிறு என்று ஒன்று இருக்கிறது.

சண்முகமும் படங்களில் நடித்தார். பில்ஹணன், ஓர் இரவு, மனிதன் என்று பட்டியல் உண்டு. 1961-ல் வந்த கப்பலோட்டிய தமிழன் படத்தில் சிவாஜிகணேசன் வ.உ.சி.யாக வந்தார், சுப்பிரமணிய சிவாவாக வந்தவர் சண்முகம். இன்றைக்கு டி.வி.யில் பார்க்கிறவர்களுக்கு அவர் முகம் தெரிவது பெரும்பாலும் அந்தப் படத்தில்தான்.

படம் முடிந்ததும் திரும்பி மேடைக்கே வந்துவிடுவார். 1944-ல் ஈரோட்டில் நாடகக் கலைக்கென்றே மாநாடு கூட்டினார்கள். 1955-ல் அரு.ராமநாதன் எழுதிய ராஜராஜ சோழன் நாடகத்தை அரங்கேற்றினார்கள். அதில் ராஜராஜனாக நடித்தவர் தம்பி பகவதி.

அவர்கள் கம்பெனியில் சோறு தின்று தொழில் கற்றவர்களை எண்ணினால் விரல் போதாது. என்.எஸ்.கிருஷ்ணன், எஸ்.வி.சகஸ்ரநாமம், கே.ஆர்.ராமசாமி, எஸ்.எஸ்.ராஜேந்திரன், இயக்குனர் ஏ.பி.நாகராஜன் எல்லோரும் அந்தப் பாயில் படுத்து எழுந்தவர்கள்தான். இவர்களில் பல பேருக்கு நாடகக்காரத் தகப்பன் கிடையாது. பிரபல நடிகரின் மகன் தனக்குக் கிடைத்த பாடத்தைப் பூட்டி வைக்காமல் ஊரார் பிள்ளைகளுக்கும் பங்கு வைத்தார்.

வடக்கேயும் இதே மாதிரி ஒரு குடும்பம் இருந்தது. நடிகர் பிருத்விராஜ்கபூர் 1944-ல் பம்பாயில் சொந்தமாக நாடகக் கம்பெனி தொடங்கினார். அவருடைய மகன் ராஜ்கபூர் சினிமாவில் முதலில் பார்த்த வேலை, கேமரா முன்னால் கிளாப் பலகை அடிப்பது. அப்புறம்தான் ஹீரோ, டைரக்டர் எல்லாம். பெரிய நடிகர் வீட்டுப் பிள்ளையும் அங்கே அடிமட்டத்திலிருந்துதான் ஏறி வந்தார்.

பரமக்குடிப் பையன்

1960-களில் டி.கே.எஸ். நாடகக் குழுவில் ஒரு பையன் வந்து சேர்ந்தான். களத்தூர் கண்ணம்மாவில் குழந்தை நட்சத்திரமாக நடித்து முடித்துவிட்டு, குழந்தையும் இல்லை, வாலிபனும் இல்லை என்ற வயசில் இருந்தான். சினிமாவில் அந்த வயசுக்கு வேஷம் கிடையாது. பிறந்த ஊர் பரமக்குடி. பெயர் கமல்ஹாசன்.

திருப்பாலைக்குடி இருக்கும் அதே ராமநாதபுரம் மாவட்டத்துப் பையன். மேடைப் பழக்கம் சண்முகம் அண்ணாச்சியின் குழுவில்தான் கிடைத்தது.

1996-ல் அந்தப் பையன் சேலை கட்டி, மடிசார் மாமியாக ஒரு படத்தில் நடித்தார். படத்துக்கு வைத்த பெயர் அவ்வை சண்முகி. தியேட்டரில் விழுந்து விழுந்து சிரித்த பல பேருக்கு, அது குருவுக்கு வைத்த கும்பிடு என்பது தெரியாது.

கடைசி நாட்கள்

பட்டங்களும் வந்தன. 1962-ல் சங்கீத நாடக அகாடமி விருது. 1971-ல் பத்மஸ்ரீ. கூத்தாடிக்கு வீடு இல்லை என்று சொன்ன அதே நாட்டில்தான் இதுவும் நடந்தது.

1972-ல் தன் மேடை அனுபவங்களை எனது நாடக வாழ்க்கை என்று புத்தகமாக எழுதினார். சங்கரதாஸ் சுவாமிகள் எப்படி இருப்பார், பாய்ஸ் கம்பெனியில் என்ன நடந்தது, எந்த ஊரில் வசூல், எந்த ஊரில் பட்டினி என்பதெல்லாம் இன்றைக்குத் தெரிகிறது என்றால் அந்தப் புத்தகம் ஒரு முக்கிய காரணம். மற்றவர்கள் ஆடிவிட்டுப் போனார்கள். இவர் ஆடியதோடு கணக்கையும் எழுதி வைத்தார்.

1973-ம் ஆண்டு பிப்ரவரி 15-ந் தேதி சண்முகம் காலமானார். வயது 60.

அவர் கம்பெனி மேடை ஏற்றிய ராஜராஜ சோழன், சிவாஜிகணேசன் நடிக்க, தமிழின் முதல் சினிமாஸ்கோப் படமாகத் தயாராகி இருந்தது. இயக்கியவர் அவர் கம்பெனியில் வளர்ந்த ஏ.பி.நாகராஜன். மார்ச் 31-ந் தேதி படம் வெளிவந்தது. சண்முகம் அதைப் பார்க்க இல்லை. அவர் போய் ஒன்றரை மாதம் ஆகியிருந்தது.

48 வருஷங்களுக்கு முன்னே இவர்கள் சொந்தக் கம்பெனி தொடங்கியதும் இதே மார்ச் 31-ந் தேதிதான்.

டி.கே.சண்முகத்தின் பெயரில் உள்ள கே என்ற எழுத்து, தகப்பனார் கண்ணுசாமிப் பிள்ளையைக் குறிக்கும். கடைசிவரை அந்த எழுத்தை அவர் விடவில்லை. ஆனால் ராயப்பேட்டை பெயர்ப்பலகையில் ஜனங்கள் படிப்பது தகப்பனார் கொடுத்த எழுத்தை அல்ல; 30 வயதில் சேலை கட்டி, கோல் ஊன்றிச் சம்பாதித்த அவ்வையைத்தான்.